பாலில் வந்த நஞ்சு



செர்னோபில் அணு உலை விபத்தால் 4,000 பேர் வரை சாகலாம் என்றது 2005-ல் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. அது மிகவும் குறைவு என்கிறார்கள் வேறு நிபுணர்கள். வாதம் நடக்கட்டும். நான் கேட்பது வேறு: பக்கத்து ஊர்க்காரனுக்கு யார், எப்போது சொன்னார்கள்?

1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தது. கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது, மாடு மேய்ந்தது, பாலில் இறங்கியது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் வட்டாரத்துப் பாலைக் கொட்டினார்கள். நல்லது. ஆனால் விசாரணை அறிக்கையைப் பிரதமர் மாக்மில்லன் அமுக்கினார். முழுதாக வெளிவர 30 ஆண்டு!

1986-ல் செர்னோபிலில் பாலைக்கூட உடனே மறிக்கவில்லை. சோவியத் அதிகாரிகள் மறைத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டது. அந்த அயோடினோ எட்டே நாளில் பாதியாகிவிடும். சில வாரம் பாலை நிறுத்தியிருந்தால் அவர்களில் பலர் தப்பியிருப்பார்கள்.