வந்தபோது வரி எவ்வளவு, போனபோது எவ்வளவு?



வருமான வரியைப் பற்றிய பேச்சைக் கேட்கக் கிரிக்கெட் மைதானம் நிறைந்த காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. வழக்கறிஞர் நானி பல்கிவாலா 1958இல் பம்பாய் கிரீன் ஹோட்டலின் சிறிய கூடத்தில் ஆண்டு பட்ஜெட்டை அலசத் தொடங்கினார். பின்னாளில் கூட்டம் தாங்காமல் இடம் பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கு மாறியது. கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் எண்களை அடுக்குவார். வரி அளவு மீறினால் தொழிலும் கெடும், நாணயமும் கெடும் என்பதுதான் அவர் ஆண்டுதோறும் சொன்ன சேதி.

அன்று அதைச் சொல்ல அவருக்கு முழு நியாயம் இருந்தது. நிதித்துறையையும் தன் கையில் வைத்திருந்த பிரதமர் இந்திரா காந்தி, 1970 பட்ஜெட்டில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு 85 சதவீத வரி போட்டார். மறு ஆண்டு நிதியமைச்சர் ஒய்.பி. சவான், வரியின்மேல் போடும் வரியான சர்சார்ஜை 15 சதவீதமாக ஏற்றினார். ஆக மொத்தம் 97.75 சதவீதம். இரண்டு லட்சத்தைத் தாண்டி ஒருவர் நூறு ரூபாய் சம்பாதித்தால் வீட்டுக்குக் கொண்டுபோக மிஞ்சியது இரண்டேகால் ரூபாய். சொத்து வரியும் சேர்ந்துகொண்டால் சிலருக்கு வருமானத்தைவிட வரியே பெரிதாக வந்தது. இதைச் சமதர்மம் என்று சொல்லிக் கைதட்டியவர்களுக்குக் கூட்டல் கழித்தல் மறந்துபோயிருந்தது.

ஆனால் அந்த இரண்டேகால் ரூபாய் மனிதர்களை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். கிளினிக்கை யாரும் பூட்டவில்லை; நோயாளிக்கு ரசீது கொடுப்பதுதான் நின்றது. சினிமாவில் சம்பளம் இரண்டாகப் பிரிந்தது: செக்கில் கொஞ்சம், கவரில் மிச்சம். மனை வாங்கியவர் பத்திரத்தில் ஒரு விலை எழுதினார், கையில் ஒரு விலை கொடுத்தார். கம்பெனி முதலாளி தன் சம்பளத்தைச் சுருக்கிக்கொண்டு காரையும் பங்களாவையும் டிரைவரையும் கம்பெனிக் கணக்கில் எழுதினார். சொத்தை இந்து கூட்டுக் குடும்பம் என்றும் டிரஸ்ட் என்றும் கூறுபோட ஆடிட்டர்கள் வழி காட்டினார்கள். ரெண்டாம் நம்பர் நோட்டு இல்லாத கடையே இல்லை என்ற பேச்சு ஊருக்கு ஊர் வந்தது.

அரசு அமைத்த வாஞ்சூ கமிட்டி 1971 டிசம்பரில் கொடுத்த அறிக்கையும் இதையே சொன்னது: வரி ஏய்ப்புக்கு முதல் காரணம் இந்த உச்ச விகிதம், சர்சார்ஜையும் சேர்த்து 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். கணக்கில் காட்டினால் இரண்டேகால், மறைத்தால் நூறு. நாற்பத்து நான்கு மடங்கு ஆதாயத்தைக் கண்ணெதிரே வைத்துவிட்டு நேர்மையாக இரு என்று சொன்ன சட்டம் அது. 1974இல் சவானே 77 சதவீதத்துக்கு இறக்கினார். ஏற்றிய கையே இறக்கியது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்காரர்களின் கைரேகை நிறையவே உண்டு. கேம்பிரிட்ஜ் பொருளியலர் நிக்கலஸ் கால்டர் 1956இல் ஒரு திட்டம் கொடுத்தார். உச்ச வருமான வரியை 45 சதவீத அளவுக்குக் குறையுங்கள், அதற்குப் பதிலாகச் சொத்துக்கும் செலவுக்கும் நன்கொடைக்கும் வரி போடுங்கள் என்பது அது. 1957இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். கால்டர் சொன்ன 45 மட்டும் வரவில்லை. செலவு வரி ஒருமுறை செத்துப் பிழைத்து 1966இல் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. 1976இல் சி. சுப்பிரமணியம் உச்ச விகிதத்தை 77இலிருந்து 66க்கு இறக்கினார். 1997இல் ப. சிதம்பரம் அதை 40இலிருந்து 30 ஆக்கினார். 2019 ஜூலையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 5 கோடிக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு சர்சார்ஜை உயர்த்தி 42.74 சதவீதம் வரை கொண்டுபோய், 2023இல் புதிய வரி முறையில் அதை 39க்குத் திருப்பினார்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பணக்காரர்களுக்கு வரியை ஒரு சதவீதம் கூட்டலாமா என்று யாராவது கேட்டால் போதும், தொழில் சங்கத்து மேடைகளில் 1973ஆம் ஆண்டு எழுந்து நிற்கிறது. “தெரியாதா, 97.75 போட்டு நாட்டையே முடக்கினார்கள்!” என்கிறார்கள். 39ஐக் கூட்டுவது தவறு என்பதற்கு 97.75 எப்படிச் சாட்சியாகும்? நூற்றில் இரண்டேகால் மிஞ்சுவதும் அறுபத்தொன்று மிஞ்சுவதும் ஒன்றா? அந்தப் பத்தாண்டில் வரி மட்டுமா தொழிலைப் பிடித்து வைத்திருந்தது? இயந்திரம் இறக்குமதி செய்ய லைசென்ஸ், உற்பத்தியைக் கூட்ட லைசென்ஸ், பெரிய நிறுவனம் வளர வேண்டுமென்றால் 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம். வரியைப் பூஜ்யமாக்கியிருந்தாலும் உத்யோக் பவன் படிக்கட்டில் கோப்பு நகர்ந்திருக்காது.

குறைத்தால் வசூல் கொட்டும் என்பது அடுத்த பாட்டு. 1985இல் நிதியமைச்சர் வி.பி. சிங் உச்ச விகிதத்தை 50 சதவீதமாகக் குறைத்தபோது வசூல் ஏறியது உண்மை. அதே வி.பி. சிங் அதே ஆண்டில் பெரிய வீடுகளின் கதவை ரெய்டுக்காரர்களை விட்டுத் தட்டினார் என்பதும் உண்மை. இரண்டில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. 1997இன் “கனவு பட்ஜெட்” இன்னும் சங்கடமான சாட்சி. விகிதம் 30க்கு இறங்கிய அந்த நிதியாண்டில் தனிநபர் வருமான வரி வசூல் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. பின்னால் வசூல் ஏறியது; ஆனால் இடையில் சம்பளம் பெருகியது, பிடித்தம் இறுகியது, கணினி வந்தது, பான் எண் வந்தது.

முதலீட்டுக்கு நேரடிச் சாட்சி சென்னையைச் சுற்றியே இருக்கிறது. 1990களின் நடுவில் ஃபோர்டு மறைமலை நகரைத் தேர்ந்தெடுத்தது, ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1996இல் இந்தியாவில் கம்பெனி வரி சர்சார்ஜோடு சேர்த்து 43 சதவீதம். மாநில அரசு சலுகைகள் கொடுத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லாபத்தின் மேல் டெல்லி விதித்த வரி அதுதான். அதைத் தெரிந்துகொண்டேதான் வந்தார்கள். துறைமுகம் இருந்தது, உதிரி பாகம் செய்யும் பட்டறைகள் இருந்தன, பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் இருந்தார்கள், கார் வாங்கக் காத்திருந்த நடுத்தர வர்க்கம் இருந்தது.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அப்போது கம்பெனி வரி எவ்வளவு? சலுகைகள் வேண்டாம் என்று சொல்லும் நிறுவனத்துக்கு 25.17 சதவீதம். அது சுதந்திர இந்தியா கண்ட மிகக் குறைந்த விகிதங்களில் ஒன்று. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அந்த நிறுவனமே சொன்னது. லாபம் இல்லாத இடத்தில் வரி விகிதம் நாற்பதாக இருந்தால் என்ன, நாலாக இருந்தால் என்ன? 2024இல் சென்னை ஆலைக்குத் திரும்பி வர விரும்புவதாக அதே நிறுவனம் மாநில அரசுக்கு எழுதிக் கொடுத்தது. போனதற்கும் திரும்பி வருவதற்கும் இடையில் அந்த வரி விகிதம் மாறவே இல்லை.

நாடு முழுவதற்கும் இதே கணக்கைப் பார்க்கலாம். 2007-08இல் கம்பெனி வரி 33.99 சதவீதம், அந்த ஆண்டுகளில் நிலையான மூலதன உருவாக்கம் நாட்டு உற்பத்தியில் 35 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2019 செப்டம்பர் 20 அன்று ஒரே அறிவிப்பில் கம்பெனி வரியைத் தடாலடியாக வெட்டினார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே மதிப்பிட்டது. அதற்குப் பிறகும் மூலதன உருவாக்கம் நாட்டு உற்பத்தியில் 30 சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. 2008க்கு முன் உலகச் சந்தையே பொங்கியது, வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்தன, பிறகு அந்தக் கடன்கள் வாராக் கடன்களாயின. 2020இல் கொரோனா வந்தது. எல்லாம் சரி. அதையெல்லாம் கழித்த பிறகும், வரியை வெட்டினால் முதலீடு பாயும் என்ற வாக்குறுதிக்கு என்ன மிச்சம்?

அந்தக் கேள்வியை எதிர்க்கட்சி கேட்கவில்லை, நிதியமைச்சரே கேட்டார். 2022 செப்டம்பரில் டெல்லியில் தொழிலதிபர்களைப் பார்த்து, தன் பலம் தனக்கே தெரியாத அனுமனா நீங்கள், பக்கத்தில் ஒருவர் நின்று எடுத்துச் சொல்ல வேண்டுமா என்ற பொருளில் பேசினார். கிஷ்கிந்தா காண்டத்தில் ஜாம்பவான் அனுமனுக்கு வரிச் சலுகை எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. பலத்தை நினைவூட்டினார், அனுமன் கடலைத் தாண்டினார். இங்கே சலுகையை வாங்கிக்கொண்டவர்கள் கரையிலேயே நின்றார்கள். பணம் இல்லாமலா? 33,000க்கு மேற்பட்ட நிறுவனங்களின் வரிக்கு முந்தைய லாபம் 2020ஆம் நிதியாண்டுக்கும் 2023க்கும் இடையில் ஏறத்தாழ நான்கு மடங்கானது என்று அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே எழுதியது. ஆள் சேர்ப்பும் சம்பளமும் அந்த வேகத்தில் வளரவில்லை என்றும் அதே அறிக்கை குறைப்பட்டுக்கொண்டது. இருக்கிற இயந்திரத்தில் கால் பங்கு சும்மா கிடக்கும்போது எந்த முதலாளி புது இயந்திரம் வாங்குவார்? அவருக்கு வேண்டியது வாங்குபவர். வாங்குபவரின் சட்டைப்பையோ காலி.

வெளிநாட்டிலும் சான்று உண்டு. பங்கு ஆதாயத்துக்கு 39.9 சதவீத வரி இருந்த 1976-77இல்கூட, வரிக்குப் பயந்து நல்ல முதலீட்டைக் கைவிட்ட ஒருவரையும் தாம் பார்த்ததில்லை என்று வாரன் பஃபெட் 2011இல் எழுதினார். 1993இல் கிளின்டன் உச்ச வரியை ஏற்றியபோது அமெரிக்கக் கம்பெனித் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்று பொருளியலர் ஆஸ்டன் கூல்ஸ்பீ ஆராய்ந்தார். அவர்கள் வேலையைக் குறைக்கவில்லை. வரி ஏறுவதற்கு முன்பே பங்கு உரிமைகளைப் பணமாக்கிக்கொண்டார்கள். தேதி மாறியது, அவ்வளவுதான். எதிர்ச்சாட்சியும் இருக்கிறது, அதை ஒளிப்பது நேர்மையல்ல. ஐரோப்பியக் கால்பந்து நட்சத்திரங்கள் வரி குறைந்த நாட்டைத் தேடிப் போகிறார்கள். பிரான்ஸ் 75 சதவீதம் என்று கிளம்பியபோது நடிகர் ஜெரார் தெபார்தியூ ரஷ்யப் பாஸ்போர்ட் வாங்கினார். இரண்டே ஆண்டில் அந்த வரியும் போனது. துபாயில் வீடு வாங்கி நாள் கணக்கு எண்ணும் இந்தியர்களும் உண்டு. அதற்காகத்தான் 2020 பட்ஜெட்டில், இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டியவர்களுக்கு 182 நாள் வரம்பை 120ஆக இறுக்கினார்கள். ஓடுபவரைத் தடுக்க இப்படிச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஓடுவார் என்ற பயத்திலேயே எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

உழைப்பை ஊக்குவிப்பதே நோக்கம் என்பவர்களிடம் ஒரு கணக்கை நீட்ட வேண்டும். விடிகாலை ஐந்து மணிக்கு அறுவை அரங்குக்குள் நுழையும் இதய நிபுணர் ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் சம்பாதித்தால், கடைசி ரூபாய்க்கு 39 சதவீதம் கட்டுகிறார். பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து அதே தொகைக்கு ஆதாயம் பார்ப்பவருக்கு, 2024 ஜூலைக்குப் பிறகு விகிதம் 12.5. அவருடைய சர்சார்ஜுக்கு 15 சதவீதம் என்று உச்சவரம்பு வேறு உண்டு. செஸ்ஸையும் சேர்த்தால் 14.95 சதவீதம். கத்தி பிடிப்பவருக்கு முப்பத்தொன்பது, காத்திருப்பவருக்குப் பதினைந்து! வேலை செய்பவர் சோர்ந்துபோவார் என்று கவலைப்படும் சங்கங்கள் இந்த இடைவெளியைப் பற்றி வாய் திறப்பதில்லை. கம்பெனி ஏற்கெனவே லாபத்துக்கு வரி கட்டிவிட்டதே என்பார்கள். அந்த வரியைத்தான் 2019இல் வெட்டியாயிற்றே. விளைவு, 2023-24இல் தனிநபர்களிடம் வாங்கிய வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி, கம்பெனிகளிடம் வாங்கியது 9.1 லட்சம் கோடி. சம்பளக்காரரும் டாக்டரும் கடைக்காரரும் சேர்ந்து, நாட்டின் எல்லாக் கம்பெனிகளையும்விட அதிகமாகக் கட்டுகிறார்கள்.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பும் தொழில் சங்கங்கள் வழக்கம்போல் நிதியமைச்சகத்துக்கு மனு கொண்டுபோகும். பங்கு ஆதாயத்துக்கான அந்த 15 சதவீத சர்சார்ஜ் வரம்பை எடுத்துவிடுங்கள், அதில் வரும் பணத்தைக் கொண்டு உழைத்துச் சம்பாதிப்பவரின் சர்சார்ஜைக் குறையுங்கள் என்ற வரி அந்த மனுவில் இருக்காது. அதனால் அது இந்தக் கூட்டத்தின் முதல் தீர்மானமாகப் போகட்டும்.