பழைய படகும் பாதிப் பாடமும்



முப்பத்திரண்டு ஆண்டுக் காலம் வகுப்பறையில் நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லி வந்தேன். "இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் துருப்பிடிக்காது" என்பதே அது. அது பொய்யன்று, ஆனால் பாதிப் பாடம். மற்றப் பாதியை நான் கற்றது ஓய்வு பெற்ற பின்னர், அமெரிக்க நாட்டு மின்னசோட்டா மாநிலத்தில், ஒரு பழைய மீன்பிடி படகின் அடியில் குனிந்து கிடந்தபோதுதான்.

அம்மாநிலத்தைப் பதினாயிரம் ஏரிகளின் நாடு என்பர். என் மகளும் மருமகனும் அங்கே வாழ்கின்றனர். கோடை பிறந்துவிட்டால் மக்கள் இழுவண்டியில் படகை ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் புறப்பட்டுவிடுவர். அப்படகுகளுள் மிகப் பல அலுமினியத்தால் ஆனவை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் செய்து குவித்த கிரம்மன் என்னும் நிறுவனம், போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அலுமினியத் தோணிகள் செய்யத் தொடங்கிற்று. விமான இறக்கையில் தகடுகளை ரிவெட் ஆணியால் இணைக்கும் அதே முறை தோணிக்கும் வந்து சேர்ந்தது. அலுமினியத்தின் அடர்த்தி இரும்பினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பேணி வைத்தால் அப்படகு நாற்பது ஆண்டுகளும் உழைக்கும். ஆதலின் அங்கே பழைய படகு வாங்குவதை யாரும் குறைவாக எண்ணுவதில்லை.

என் மருமகன் விலை பேசியது பதினாறு அடிப் படகு. விற்றவர் ஒரு முதிய உழவர், இனிய மனிதர். "ஒரு துளி நீரும் கசியாது" என்றார். படகின் பின்புறம் வலப்பக்கத்தில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் பொறித்திருந்தது. 1972ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அந்நாட்டில் அது கட்டாயம். கடைசி இரண்டு இலக்கங்கள் 86 என்றிருந்தன. 1986ஆம் ஆண்டுப் படகு என்று பொருள். உரிமைச் சீட்டிலும் அதே எண் இருந்தது. அது ஒத்துவராவிட்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டா, வீடு திரும்பிவிடலாம்.

கசிவைப் பார்க்கப் படகை ஏரியில் இறக்குவதே முறை என்று நான் நினைத்திருந்தேன். என் மருமகன் சிரித்தார். "மாமா, ஏரியில் விட்டால் நீர் உள்ளே வருவது தெரியும், எங்கிருந்து வருகிறது என்பது தெரியாதே!" என்றார். இழுவண்டியில் இருந்தபடியே படகினுள் நான்கு விரற்கடை உயரம் நீர் ஊற்றினோம். அதற்கு மேல் ஊற்றலாகாது. ஒரு கன மீட்டர் நீர் ஆயிரம் கிலோ எடை. அப்பாரத்தை உள்ளிருந்து தாங்கும்படி படகு அமைக்கப்படவில்லை. பிறகு அடியில் புகுந்து, நீர் துளிர்த்த ஆணிகளைச் சாக்குக்கட்டியால் குறித்தோம். மூன்று ஆணிகள் கசிந்தன. இது பெருங்குறையன்று. தளர்ந்த ஆணியை, ஒருவர் ஒருபுறம் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபுறம் சுத்தியால் தட்டி இறுக்கிவிடலாம். ஆனால் தகட்டில் கீறல் ஓடியிருந்தால் செய்தி வேறு.

எஞ்சினைத் தாங்கும் பின்பலகையையும் பார்த்தோம். வெளியே அலுமினியம், உள்ளே ஒட்டுப்பலகை. உள்மரம் உளுத்திருந்தாலும் வெளித்தகடு பளபளப்பாகவே இருக்கும். எஞ்சினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தோம், பலகை வளையவில்லை. தட்டியபோது ஓசையும் கெட்டியாக இருந்தது. எஞ்சினைப் பற்றி ஒரு சொல்: முதலில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ அதைப் பாடுபட்டுக் கிளப்பி வைத்திருக்கக்கூடும்!

இதுவரை எல்லாம் நன்று. பிறகு படகை அருகிலிருந்த தானிய எடைமேடைக்குக் கொண்டு சென்றோம். வண்டியின் எடையையும் எஞ்சினின் எடையையும் கழித்துப் பார்த்தால், படகு தன் எடையைவிட ஏறக்குறைய எழுபது கிலோ மிகுதியாக இருந்தது. அந்த எழுபது கிலோ எங்கிருந்து வந்தது? எஞ்சின் பொருத்தும் சிறு படகுகள் நீர் நிரம்பினாலும் மூழ்காதிருக்க, தரைப்பலகையின் அடியில் நுரைப்பொருளை அடைத்திருப்பர். புதியதாயின் அது நீரை ஏற்காது. ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் மெல்ல மெல்ல நீரைக் குடித்துவிடும். ஆபத்து நேரும் நாளில் படகைத் தாங்க வேண்டிய பொருளே படகுக்குச் சுமையாகிவிடும்.

பெரியவரின் இசைவு பெற்று விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கினோம். அடியில் பச்சை படர்ந்த புதுப்பலகை இருந்தது. "உளுக்காத மரமாகப் பார்த்து நானே போட்டேன்" என்றார் அவர், பெருமையோடு. உளுக்காமலிருக்க அம்மரத்துக்குச் செம்புச் சேர்மம் ஊட்டியிருந்தார்கள். பலகை அலுமினியச் சட்டத்தைத் தொட்ட இடமெல்லாம் வெண்பொடி. என் மருமகன் திருப்புளியின் முனையை மெல்ல அழுத்தினார். முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது.

என் பாடத்தின் மறுபாதி இதுதான். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானே படியும் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம். காற்றுப்படும் வரை, கீறினாலும் அது உடனே மீண்டும் படியும். ஈர விரிப்பும் சேறும் காற்றை மறைத்தால் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை; உலோகம் குழி குழியாக அரிக்கப்படுகிறது. அவ்வீரத்தில் செம்பும் கலந்துவிட்டாலோ, சிறு மின்கலம் ஒன்று அங்கே உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியமே, செம்பன்று. உப்புநீரில் இது இன்னும் விரைவாக நிகழும். அலுமினியம், செம்பு, மின்கலம் மூன்றையும் நான் வெவ்வேறு பாடங்களாக நடத்தியிருந்தேன். அவை ஒரே படகின் அடியில் கூடியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சென்ற கோடையில் இதில் என் பேரக்குழந்தைகள் நால்வரையும் ஏற்றிச் சென்றேன்" என்றார். விற்பனை அட்டையைத் தம் கையாலேயே கழற்றினார்.

படகை நாங்கள் வாங்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை என் மருமகன் அவருக்குத் துணையாகச் சென்றார். நானும் உடன் போனேன். பலகைகளைப் பெயர்த்து, நுரைப்பொருளைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தோம். கையால் அழுத்தியபோது ஒவ்வொரு துண்டிலிருந்தும் நீர் ஒழுகியது. எல்லாவற்றுக்கும் அடியில் பழைய செம்புக் காசு ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தால், அது இருந்த இடத்தில் தகடு காசளவு வட்டமாகக் குழிந்திருந்தது.