மேடைக்குப் பின்னால் நிற்பவர்கள்

(விக்ரோலியில் நடைபெற்ற தமிழ் உறுப்பினர்களின் அரசியல் வகுப்பில், நிகழ்ச்சி ஏற்பாட்டுத் துறைத் தொழிலாளியான தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அரசியலையும் தொழில்நுட்பத்தையும் பற்றிப் பேசும்படி கிளைச் செயலாளர் கேட்டபோது தயங்கினேன். நான் கட்டுரை எழுதுபவன் அல்லன். மேடை அமைக்கும் தொழிலாளி. நேற்றிரவும் வேலை. விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்து வீடு வந்து, குளித்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறேன். ஆகவே, என் வேலையின் வழியாக எனக்குத் தெரிந்த அரசியலை மட்டுமே பேசப் போகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த விக்ரோலிக்கு இந்தியத் தேர்தல் வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலுக்கான எஃகு வாக்குப் பெட்டிகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவை இங்குள்ள கோத்ரெஜ் ஆலையில்தான் செய்யப்பட்டன. வெளிப்பூட்டு வைத்தால் செலவு கூடும் என்ற நிலையில், உட்புறப் பூட்டுக்கான வழியைக் கண்டவர் அந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பெட்டியில் வாக்குச் சீட்டைப் போட்ட மக்கள் அதைச் செய்த கைகளை அறிந்ததில்லை. ஆயினும் அந்தக் கைகளுக்கு ஓர் ஆலை வாயில் இருந்தது; வருகைப் பதிவேடு இருந்தது; வாயிலில் நின்று முழக்கமிட ஒரு சங்கமும் இருக்க முடிந்தது. இன்று அதே தேர்தலுக்கு மேடையும் திரையும் நிறுவும் எனக்கு வாயிலும் இல்லை, பதிவேடும் இல்லை.

என் தந்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, பின்னர் விக்ரோலி பார்க்சைட்டில் குடியேறியவர். லால் பகதூர் சாஸ்திரி சாலையில் ஓர் ஆலையில் வேலை பார்த்தார். காட்கோபரில் மருத்துவராக இருந்து, கல்லுடைக்கும் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கித் தொழிற்சங்கத் தலைவரான தத்தா சாமந்தின் பெயர் எங்கள் வீட்டில் அன்றாடம் ஒலித்த பெயர். 1997 ஜனவரி 16 அன்று பவாயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாளில் என் தந்தை சாப்பிடவில்லை. பிறகு அந்தச் சாலையின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவ்விடங்களில் வணிக வளாகங்களும் கண்ணாடி அலுவலகங்களும் எழுந்தன. அந்த அலுவலகங்கள் நடத்தும் விழாக்களுக்கு மேடை போடுவதே இன்று என் பிழைப்பு.

ஒரு திரையின் எடை

எங்கள் வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். 20 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஓர் எல்இடி திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே திரை அன்று. அரை மீட்டர் சதுரமான 72 பலகைகளைக் கோத்துச் செய்வது. ஒரு பலகை ஏறத்தாழ 8 கிலோ. ஆக அரை டன்னுக்கு மேலான எடை, ஆட்களின் தோள்மீது டெம்போவிலிருந்து இறங்கி, இரும்புச் சட்டகத்தின் மீது ஏற வேண்டும். அதன்பின் ஒலிபெருக்கிகள், விளக்குகள், கேபிள்கள், ஜெனரேட்டர். அரங்கத்தை மாலையில்தான் தருவார்கள். காலையில் விருந்தினர் வந்துவிடுவர். எனவே எல்லாம் ஓர் இரவுக்குள் முடிய வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அனைத்தையும் பிரித்து ஏற்ற வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை இதுவே ஓட்டம்: திருமணம், நிறுவன விழா, கண்காட்சி, அரசியல் கூட்டம். தேர்தல் வந்துவிட்டால் உறக்கம் என்பது டெம்போவின் பின்புறத்தில் மட்டும்.

செயற்கை நுண்ணறிவு வேலைகளைப் பறித்துவிடும் என்கிறார்கள். எங்கள் துறையில் அது இதுவரை செய்தது வேறு. 2014 தேர்தலில் மோடி முப்பரிமாண உருவமாக ஒரே நேரத்தில் பல ஊர்களில் தோன்றினார். 2024இல், மறைந்த தலைவர் மு. கருணாநிதி செயற்கை நுண்ணறிவின் துணையால் திரையில் தோன்றிப் பேசினார். தலைவர் உடலோடு வர வேண்டிய தேவை குறைந்துகொண்டே போகிறது. ஆனால் அந்த 72 பலகைகளைத் தூக்குபவன் உடலோடு வந்துதான் ஆக வேண்டும்.

நாக்காவிலிருந்து கைபேசிக்கு

தொழில்நுட்பம் எங்களை எங்கே தொட்டது என்றால், வேலை கிடைக்கும் முறையில் தொட்டது. முன்பு காலையில் நாக்காவில் போய் நிற்போம். முகாதம் வருவார், எத்தனை பேர், என்ன கூலி என்பார். அது அவமானமான இடந்தான். மனிதனைச் சந்தைப் பொருளாக நிறுத்தும் இடந்தான். ஆயினும் அங்கே நாற்பது பேர் தோளோடு தோள் நின்றோம். "இந்தக் கூலிக்கு எவரும் போகக்கூடாது" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் காதில் விழும். பல நாள் விழுந்திருக்கிறது, கூலியும் உயர்ந்திருக்கிறது.

இப்போது இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: நாளை பாந்திரா குர்லா வளாகம், 30 பேர், இன்ன கூலி. முதலில் பதில் போடுபவருக்கு வேலை. குழுவில் 200 பேர் இருக்கிறோம்; ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பீகாரிலிருந்து வந்த இளைஞர்கள், உத்தரப் பிரதேசத்தவர், மராட்டியர், நம் தமிழர் எல்லாரும் அதில் உண்டு. கூலி போதாது என்று எவரேனும் எழுதினால் அடுத்த நிமிடமே குழுவிலிருந்து நீக்கப்படுவார். 200 பேரை ஒன்றாகச் சேர்த்தும், ஒவ்வொருவரையும் தனியாகவே வைத்திருக்கும் ஏற்பாடு இது.

2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தன்று இங்குள்ள தோழர்கள் பலர் ஊர்வலத்தில் இருந்தீர்கள். நான் இல்லை. ஓர் அரங்கில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். மறைப்பதற்கில்லை. அன்று நான் வராமல் இருந்திருந்தால் வேலைநிறுத்தம் செய்ததாக எவருக்கும் தெரிந்திருக்காது. என் பெயருக்குக் கீழே இருந்தவர் போயிருப்பார், அவ்வளவே. யாருக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

நிழல் யாருக்கு?

மேடைக்குப் பின்னால் நிற்பவனுக்கு, முன்னால் அமர்ந்திருப்பவருக்குத் தெரியாத ஒன்று தெரியும். கூட்டம் இப்போது கேமராவுக்காகக் கூட்டப்படுகிறது. டிரோன் மேலே பறக்கும்போது தலைகள் நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே தடுப்புகள் அமைக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்க வந்த மக்கள் காட்சியின் பின்னணியாகிவிடுகிறார்கள்.

இதன் விலை என்ன? 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில், ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா கலந்துகொண்ட மகாராஷ்டிர பூஷண் விருது விழாவில், திறந்த வெளியில் வெயிலில் அமர்ந்திருந்தவர்களில் 14 பேர் மாண்டனர். மேடைக்கு நிழல் இருந்தது, மக்களுக்கு இல்லை. 2024 மே 13 அன்று, நமக்கு அடுத்த நிலையமான காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின் மீது விழுந்து 17 பேர் இறந்தனர். அனுமதிக்கப்படும் உச்ச அளவு 40க்கு 40 அடி. அது நின்றதோ அதைவிடப் பல மடங்கு பெரிதாக. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், தமிழக வெற்றிக் கழகத்தின் பரப்புரைக் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். எவர் குற்றம் என்பதை விசாரணைகள் சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றே: பெரிதாகக் காட்ட வேண்டும் என்ற வெறியும், கீழே இருப்பவரின் உயிரைக் கணக்கில் எடுக்காத அலட்சியமும் ஒன்றாகவே வளர்கின்றன.

ஒரு விழுதல்

சென்ற ஆண்டு எங்கள் குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞர் 16 அடி உயரச் சட்டகத்திலிருந்து விழுந்தார். பாதுகாப்புப் பட்டை தரப்படவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாள் காலை அவர் எண் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டது. அதைப் பார்த்தும் நான் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அந்த வாரம் எனக்கு மூன்று இரவு வேலை ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. கட்சி உறுப்பினன் என்று சொல்லிக்கொள்ளும் நான் கூலிக்காக அமைதி காத்தேன். இந்த அரங்கில் இதைச் சொல்லாமல் வேறெதைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். ஒப்பந்ததாரர், "அவர் என்னிடம் வேலை பார்த்தவரே அல்லர்" என்று சொல்லிவிட்டிருந்தார். அந்த இளைஞரின் தாய் கைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் எல்லாம் இருந்தது: எந்த நாள் எங்கே வர வேண்டும் என்ற செய்திகள், வந்து சேர்ந்ததைக் காட்ட அவர் அனுப்பிய படங்கள், யுபிஐ வழியே வந்த கூலி. அனைத்தையும் அச்செடுத்தோம். குழுவிலிருந்த ஐந்து பேர் கையெழுத்திட முன்வந்தனர். காகிதங்களைக் கண்டதும் ஒப்பந்ததாரர் மருத்துவச் செலவில் பாதியைக் கொடுத்தார். மீதிக்கும் இழப்பீட்டுக்குமான மனு நிலுவையில் இருக்கிறது. அந்த இளைஞர் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். இதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்களைப் பிரித்த அதே கைபேசி எங்கள் வருகைப் பதிவேடாகவும் ஆக முடியும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரை அமர்த்தும் ஒப்பந்ததாரருக்கே பொருந்தியது. புதிய தொகுப்பு அதை 50 ஆக உயர்த்தியுள்ளது. எங்கள் ஒப்பந்ததாரர் 30 பேரோடு வருகிறவர். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இணையத் தளங்களை நடத்தும் நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நிதி செலுத்த வேண்டும் என்கிறது. உணவு கொண்டு செல்லும் தோழருக்கு அதில் ஏதேனும் கிடைக்கலாம். வாட்ஸ்அப் குழுவை நடத்தும் முகாதமோ அச்சட்டத்தின் கண்ணில் நிறுவனமே அல்லர். பழைய நாக்காவுக்கும் புதிய தளத்துக்கும் நடுவே நாங்கள் விழுந்து கிடக்கிறோம்.

ஆனால் இந்த மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. மராத்தியில் 'மாதா' என்றால் தலை. தலையில் சுமப்பவர் மாத்தாடி. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில் அவர்கள் போராடியதன் விளைவாக 1969இல் மாத்தாடிச் சட்டம் வந்தது. நாளொரு முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கும் நிலையான பாதுகாப்பு தர முடியும் என்று அது காட்டியது. தொழிலாளியும் முதலாளியும் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். முதலாளி கூலியையும் அதற்கு மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் செலுத்த வேண்டும். அதிலிருந்து வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவ உதவி. 1978இல் கேரளம் சுமைத் தொழிலாளர் சட்டத்தையும், 1982இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் இயற்றின. 72 பலகைகளை ஏற்றி இறக்குவது சுமை வேலை இல்லை என்றால் வேறு என்ன? நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலையை மாத்தாடி வாரியத்தின் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பது நமது கோரிக்கையாக வேண்டும்.

நம் மேடையிலிருந்து தொடங்குவோம்

இறுதியாக ஒன்று. தோழர்கள் வருந்தக்கூடாது. நம் மாநாடுகளுக்கும் மேடை போடப்படுகிறது. ஒலிபெருக்கி வருகிறது, இப்போது திரையும் வருகிறது. மொத்தத் தொகை பேசி ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். அந்த மேடையில் நின்று எட்டு மணி நேர வேலை பற்றிப் பேசுகிறோம். பின்னால் கேபிள் சுற்றிக்கொண்டிருப்பவன் எத்தனை மணி நேரமாக நிற்கிறான் என்று எவரும் கேட்டதில்லை. கட்சியில் சேர்வதற்கு முன்பு நானே அப்படி ஒரு மேடைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அன்றைய உரை நன்றாக இருந்தது. இரவு கடைசி வண்டி போய்விட்டது. நடைமேடையில் படுத்தேன்.

ஆகவே மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, இனி நம் நிகழ்ச்சி எதற்கும் ஒப்பந்தம் பேசும்போது, எத்தனை பேர், என்ன கூலி, எத்தனை மணி நேரம், பாதுகாப்புப் பட்டை உண்டா, இரவில் எப்படி வீடு திரும்புவர் என்ற ஐந்தையும் எழுத்தில் கேட்போம். செலவு கூடினால் திரையின் அளவைக் குறைத்துக்கொள்வோம். இரண்டாவது, பார்க்சைட், கன்னம்வார் நகர், தாகூர் நகர் பகுதிகளில் இந்த வேலைக்குப் போகும் இளைஞர்களைக் கணக்கெடுத்து, செய்திகளையும் யுபிஐ பதிவுகளையும் சேமித்து வைக்கக் கற்றுக்கொடுப்போம். மூன்றாவது, மாதம் ஒருமுறை அவர்களை நேரில் கூட்டுவோம். மழைக்காலத்தில் வேலை குறைவு. தொடங்க அதுவே தக்க காலம். தமிழர் மட்டுமல்லாமல் அந்த 200 பேரில் எவர் வந்தாலும் அமரட்டும். கூட்டத்துக்கு மேடை வேண்டாம். தரையில் வட்டமாக அமர்ந்தால் போதும். முகம் பார்த்துப் பழகிய பின்பே, கூலி போதாது என்று ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் அமைதியாக இருக்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு அந்த இளைஞர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான விரைவு வண்டிகள் விக்ரோலியில் நிற்பதில்லை. நிலையத்தின் படிகளும் அவருக்குக் கடினம். இரண்டு தோழர்கள் அவரை வீட்டிலிருந்தே அழைத்துவர வேண்டும். ஒருவர் நான். இன்னொருவர் யார் என்பதை இந்தக் கூட்டம் முடிவதற்குள் சொல்லுங்கள்.