காவாத காப்பு
(ஈழநாட்டின் முதல் அரசியலமைப்புக் குறித்துக் கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்த்திய உரை)



நூலின் முகப்பில் காப்புச் செய்யுள் வைப்பது தமிழ் மரபு. நாட்டின் அடிப்படைச் சட்டத்திற்கும் ஒரு காப்பு வேண்டும். 1948 பிப்பிரவரி 4ஆம் நாள் விடுதலை பெற்ற இலங்கைக்கு வாய்த்த சோல்பரி அரசியலமைப்பிலும் அத்தகைய காப்பு இருந்தது. அதன் நிறையை மறைத்துக் குறையை மட்டும் கூறுதல் நடுவுநிலையாகாது.

நிறை யாது? ஓர் இனத்தார்க்கோ சமயத்தார்க்கோ பிறர்க்கில்லாத இடரை நாடாளுமன்றம் சட்டத்தால் சுமத்தலாகாது என்று 29ஆம் உறுப்பு தடுத்தது. தொகுதி வகுப்பில் 75,000 மக்களுக்கு ஓரிடம் என்பதோடு, 1,000 சதுர மைல் பரப்புக்கு மேலும் ஓரிடம் என்று வைத்தமையால், மக்கள் செறிவு குன்றிய பகுதிகளில் வாழ்ந்த சிறுபான்மையினர்க்குத் துணை கிடைத்தது.

குறை யாது? குடிமகன் யார் என்று அது கூறவில்லை. ஆட்சிமொழி எது என்று கூறவில்லை. தமிழர் நிலத்திற்குத் தன்னாட்சி தரவில்லை. வாய்மூடிய இம்மூன்றிடங்களிலுமே தீங்கு புகுந்தது.

விடுதலை பெற்ற அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. அஃது எவ்வினத்தின் பெயரையும் சுட்டவில்லை. முன்னோர் அங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் சென்று தேயிலை வளர்த்தோரின் வழியினர் சான்றுக்கு எங்கே போவர்? குடியுரிமை போயிற்று, பின்னர் வாக்குரிமையும் போயிற்று. தொகுதி வகுக்க மட்டும் அவர்தம் தலைகள் எண்ணப்பட்டன! இலண்டன் கோமறைக் கழகமும் 1953இல் அச்சட்டம் செல்லும் என்றது. 1964இல் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று சாத்திரியும் சிறிமாவோவும் அம்மக்களைப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டோரை வினவியவர் எவர்?

1956இல் சிங்களமே ஆட்சிமொழியாயிற்று. சிங்களத் தேர்வெழுத மறுத்து ஊதிய உயர்வை இழந்த கோடீசுவரன் என்னும் அரசு அலுவலர் வழக்கிட்டார். அச்சட்டம் 29ஆம் உறுப்புக்கு மாறானது என 1964இல் மாவட்ட முறைமன்றம் தீர்த்தது. அரசு அலுவலர் ஊதியங்கேட்டு வழக்கிட இயலாது என்று கூறி, உயர்முறைமன்றம் அத்தீர்ப்பை ஒதுக்கியது. வழக்கிடலாம் என்று 1969இல் கோமறைக் கழகம் உரைத்தது. ஆயினும் சட்டம் செல்லுமா என்னும் வினாவை இலங்கைக்கே திருப்பியது. விடை வரவேயில்லை. 1972 மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் உறுப்பே இல்லை!

பெருமக்களே! காப்பின் சொற்கள் குறையுடையன அல்ல. அவற்றைக் காக்கும் ஆற்றல், காக்கப்பட வேண்டியோர் கையில் இல்லை, அதுவே குறை. வேலி ஒருவனுடையதாகவும் பயிர் மற்றொருவனுடையதாகவும் இருப்பின், வேலி எத்துணை நாள் நிற்கும்? ஏட்டில் எழுதிய உரிமை பாதி. அதனைக் காக்கும் ஆட்சியுரிமையே மறுபாதி. எந்நாட்டு அரசியலமைப்பைக் கையில் எடுப்பினும், என்ன தரப்பட்டது என்று பார்ப்பதோடு அமையாது, அதனை அழிக்க வல்லவர் யார் என்றும் தமிழர் வினவக் கற்றல் வேண்டும்.

வாழ்க தமிழ்!