ஏரும் ஆலையும்

(சீனன்குடாவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தம்பலகாமத்து வயலிலிருந்து சீனன்குடா ஆலை வாயிலுக்கு வழி நெடுந்தூரமன்று. ஆயினும் அவ்வழி செல்லும் கமக்காரன் எதை விடுகிறான், எதைப் பெறுகிறான் என்று கணக்கிட்டுப் பார்த்தோர் நம்முள் மிகச் சிலரே.

இம்மண்ணுக்குக் கூலிவேலை புதிதன்று. பிரித்தானியர் 1930களில் இங்கே எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பினர். ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்வது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் குண்டு வீசியபோது ஒரு தாங்கி அழிந்தது. 99 இன்றும் நிற்கின்றன. கடற்படைத் தளத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெருமை. தளத்தில் உழைத்தோர் பலருக்கோ வேலையிழப்பு. வயலை வைத்திருந்தவன் வயலுக்குத் திரும்பலாம். விற்றவன் எங்கே திரும்புவான்?

பின்னர் 1980இல் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கிற்று. நெல் விளையும் பூமியிலே, கடல் கடந்து வந்த கோதுமையை அரைத்துப் பிழைப்பது விந்தைதான்! ஆனால் மாதந்தோறும் வரும் சம்பளத்தை ஏளனஞ் செய்யும் உரிமை நமக்கில்லை. 2021 மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்தது. நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. வானம் பொய்த்தால் மட்டுமா வயல் பொய்க்கிறது? வர்த்தமானி பொய்த்தாலும் பொய்க்கிறது.

ஆதலால் வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எந்த நிலையிற் போகிறீர்கள் என்பதே என் கேள்வி.

கொந்திராத்துக்காரனிடம் நாட்கூலிக்குச் சேர்ந்தவனுக்குச் சேமலாப நிதி கிடையாது என்று சொல்லப்படுகிறது, அவனும் நம்பிவிடுகிறான். அது பொய். 1958ஆம் ஆண்டின் சட்டம் நாட்கூலியாளையும் தழுவும். அவன் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில், ஐந்தாண்டு நிறைந்தவனுக்குப் பணிக்கொடை உண்டு என்கிறது 1983ஆம் ஆண்டின் சட்டம். அத்தகைய இடத்தில், பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் உழைத்தவனை, ஒழுக்கக் குற்றமின்றி, அவன் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெறாமல் நிறுத்தலாகாது என்கிறது 1971ஆம் ஆண்டின் சட்டம்.

இங்கேதான் கமக்காரன் வழுக்கி விழுகிறான். விதைப்பு வந்ததும் ஒருவருக்கும் சொல்லாமல் ஊருக்குப் போகிறான். திரும்பி வரும்போது, தானாகவே விலகினான் என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது! சேவைக்காலமும் போயிற்று, பணிக்கொடையும் போயிற்று. அறுவடைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் லீவை எழுத்திற் கேளுங்கள். அதன் பிரதியொன்றைப் பெட்டியில் வையுங்கள். சம்பளச் சிட்டையையும் வீசிவிடாதீர்கள்.

உத்தியோக அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாட்டை ஒழுங்காக எழுதத் தெரியாமலே எத்தனையோ பேர் தம் பணத்தை இழக்கின்றனர். ஆசிரியரும் எழுதுவினைஞரும் வழக்கறிஞரும் கிழமைக்கு ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆலைக்கு வருபவனுக்குக் குத்தகைச் சீட்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட காணி, ஆலை மூடும் நாளில் அவன் கைக்குத் திரும்பி வருவது கடினம்.