வேட்டை நாய் வீட்டுக்கு வந்தால்



தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு நாயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் நாம் பெரட்டுக்குக் கிளம்பும்போதே அதுவும் கிளம்பிவிடும். பால்மரத்து நிரையில் முன்னே ஓடி, பாம்போ பன்றியோ இருந்தால் குரைத்துச் சொல்லும். பகலில் லயத்து வாசலில் படுத்துக் கிடக்கும். அதைக் கட்டிப் போட்டவருமில்லை, உட்காரவைத்துப் பழக்கியவருமில்லை. பத்துமலையைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், நம் குடும்பங்கள் பலவும் தாமான் வரிசை வீடுகளுக்கு வந்துவிட்டன. நாய் வளர்க்கும் ஆசையும் கூடவே வந்திருக்கிறது.

இந்நாளில் பிள்ளைகள் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு வேண்டுமென்று கேட்கும் நாய்களில் ஒன்று ஜப்பானிய ஷிபா. நரியைப் போன்ற முகம், சுருண்ட வால், நிமிர்ந்த சிறு காதுகள். ஆண் நாயே ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் உயரந்தான். பார்வைக்குப் பொம்மை; பிறப்பால் வேட்டை நாய். ஜப்பானின் மலைப்புதர்களில் பறவைகளையும் சிறு விலங்குகளையும் கிளப்பிவிடுவது அதன் தொழிலாக இருந்தது. அந்நாட்டு நாய்களைக் காப்பதற்கென்று 1928-இல் ஒரு சங்கம் அமைந்தது. 1936-இல் ஷிபா, அரசு காக்கும் இயற்கைச் சின்னங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலும், அதன்பின் பரவிய டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோயிலும் இவ்வினம் அழியும் நிலைக்கு வந்து, எஞ்சிய சிலவற்றிலிருந்து மீண்டும் பெருகியது.

ஜப்பானியர் தங்கள் நாய்களின் சுபாவத்துக்கு மூன்று சொற்களை வைத்திருக்கிறார்கள்: கன்-இ, ரியோசெய், சொபொகு. அஞ்சாத மிடுக்கு, நல்லியல்பு, பகட்டில்லாத எளிமை என்று அவற்றைச் சொல்லலாம். மிடுக்கு முதலில் வருவதைக் கவனியுங்கள். வேட்டைக்காரன் கண்ணுக்கு எட்டாத புதருக்குள் எந்தப் பக்கம் பாய்வதென்று நாயேதான் முடிவு செய்யவேண்டும். அடிக்கொரு தரம் எஜமானன் முகத்தைப் பார்த்து நிற்கும் நாய் அங்கே உதவாது. ஆகவே நாம் கூப்பிடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போகும் ஷிபாவை, ‘திமிர் பிடித்த நாய்’ என்று அடிப்பதில் பொருளில்லை. அடியினால் அது மனிதர் கைக்கு அஞ்சத்தான் கற்றுக்கொள்ளும். அஞ்சிய நாய் கடிக்கவும் கூடும்.

வீட்டாரிடம் அதற்குப் பற்று உண்டு. ஆனால் பூனையைப்போல அளந்துதான் காட்டும். அந்நியர் தொடுவதை விரும்பாது. நகம் வெட்டப் பிடித்தால் தெருவே கேட்க அலறுவதும் உண்டு. சுத்தத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. குட்டியிலேயே வீட்டை அசுத்தம் செய்யாமல் பழகிவிடும்.

சிபுயா ரயில் நிலையத்தில், இறந்துபோன எஜமானருக்காக 1925 முதல் 1935 வரை காத்திருந்த ஹச்சிகோவின் கதையைக் கேட்டு, ஜப்பானிய நாயென்றால் காலடியிலேயே கிடக்கும் என்று நினைக்கிறோம். ஹச்சிகோ அகிதா என்னும் பெரிய இனம். அதுவும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டதுதான். அதன் விசுவாசம் வேறு, பணிவு வேறு.

இவ்வளவு தூரம் போவானேன்? தமிழகத்து இராஜபாளையம் நாயும் பன்றி வேட்டைக்குப் பேர்போனது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை அதன் படத்தைத் தபால் தலையில் வெளியிட்டது. வீட்டாரோடு ஒட்டும், வெளியாரை அண்டவிடாது. ஊர் மாறினாலும் வேட்டை நாயின் சுபாவம் பெரிதும் மாறுவதில்லை.

இப்போது இந்தச் சுபாவத்தைப் பத்துமலையில் வைத்துப் பாருங்கள். கோயில் முற்றத்தில் புறா, படிகளில் குரங்கு, பக்கத்து வீட்டில் கோழி. எதைக் கண்டாலும் அது பாயும். தோல் வார் இல்லாமல் வெளியே விடவே கூடாது. கதவு ஒரு சாண் திறந்திருந்தாலும் போதும், சாலைக்கு ஓடிவிடும். முஸ்லிம் அண்டை வீட்டார் நாயின் எச்சிலைத் தவிர்ப்பவர்கள். நம் நாய் அவர்கள் வாசலை மிதிக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. குளிர்நாட்டு நாயாதலால் ஷிபாவுக்கு இரட்டை ரோமம். பால்வெட்டுக்குப் போகும் நேரத்திலும் பொழுது சாய்ந்த பின்னும் நடத்திச் செல்லலாம்; நண்பகலில் தார்ச்சாலையில் இறக்கக்கூடாது. இதற்கெல்லாம் வீட்டில் ஆள் இல்லையென்றால், நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கப் போகிறதென்றால், அந்த நாய் நமக்கு வேண்டாம். குரைத்துக் காவல் காக்க நாட்டுநாய்க் குட்டியே போதும், விலையும் இல்லை.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், நாய் தின்னும்போது தட்டருகே போகவிடாதீர்கள். உடல் விறைத்து, உதடு சுருங்கி, அடித்தொண்டையில் உறுமினால் அது எச்சரிக்கை. அதைக் கண்டு சிரிக்கக்கூடாது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டுவது வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் தலைகாட்டியது. சரவாக்கில் உயிர்களையும் பறித்தது.

குட்டி வாங்குவதாயின், எட்டு வாரம் நிரம்பாததை வாங்கவேண்டாம். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயின் குணம் பாதி குட்டிக்கு உண்டு. தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கி, நகராண்மைக் கழகத்தில் நாய் உரிமம் எடுத்துவிடுங்கள். அடுக்குமாடி வீடென்றால், நாய் வளர்க்க அங்கே அனுமதி உண்டா என்பதை முன்பணம் கொடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.