கை ஓங்கும் குழந்தை

கேட்ட பொம்மை கிடைக்கவில்லை. கடையிலேயே அம்மாவின் கன்னத்தில் பளாரென்று அடிக்கிறது மூன்று வயதுக் குழந்தை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்கிறார்கள் சுற்றி நிற்பவர்கள். அடியைவிட அந்தப் பேச்சுதான் அவளுக்கு அதிகம் வலிக்கும்.

மனிதர்கள் அதிகமாக அடிப்பதும் தள்ளுவதும் இரண்டு, மூன்று வயதில்தான் என்று காட்டியவர் கனடா ஆய்வாளர் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே. கோபம் வந்துவிடுகிறது, சொல்ல வார்த்தை வரவில்லை. அதை அடக்கும் மூளைப் பகுதி முதிரவோ பல ஆண்டுகள் ஆகும்.

ஓங்கிய கையை மெதுவாக, ஆனால் உறுதியாகப் பிடியுங்கள். "உனக்குக் கோபம், தெரியுது. ஆனா அடிக்க விடமாட்டேன்." இவ்வளவு போதும். அழுகையின் உச்சத்தில் அறிவுரை காதில் ஏறாது. "வலிச்சாத்தான் தெரியும்" என்று சிலர் திருப்பி அடிக்கிறார்கள். கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதைத்தான் குழந்தை அதில் படிக்கிறது. தாத்தா, பாட்டி தயவுசெய்து சிரிக்காதீர்கள், அது விளையாட்டாகிவிடும். அடிக்குப் பயந்து பொம்மையை வாங்கித் தருவதும் வேண்டாம்.

1931-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றுக்காக, அமெரிக்க உளவியலாளர் ஃப்ளாரன்ஸ் குட்எனஃப் குழந்தைகள் எப்போது கோபப்படுகிறார்கள் என்று பெற்றோரைக் குறிப்பெழுதச் சொன்னார். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்புதான் கோபம் அதிகம் வெடித்திருந்தது! ஆகவே பசியோடு கடைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

பள்ளி வயதிலும் அடி குறையவில்லை, அல்லது குழந்தை தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால், தயங்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.